புதிய கிளையன்டுக்கு என்ன விலை சொல்வது? எழுத்து, எடிட்டிங் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

“ஆயிரம் வார்த்தையில் ஒரு கட்டுரை வேண்டும், எவ்வளவு ஆகும்?” “புத்தகம் தயார். லேசாகப் பிழை மட்டும் பார்த்துக் கொடுத்தால் போதும். வார்த்தைக்கு என்ன வாங்குகிறீர்கள்?” ஃப்ரீலான்ஸ் எழுத்துக்கோ எடிட்டிங்குக்கோ புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுமாறுவது இந்தக் கேள்வியில்தான். உடனே பதில் போடாவிட்டால் வேலை கைநழுவிவிடுமோ என்ற பதற்றத்தில், யாரோ எப்போதோ சொன்ன ஒரு தொகையை எடுத்து, அதிலும் கொஞ்சம் குறைத்து அனுப்பிவிடுவார்கள். பிறகு வாரக்கணக்கில் அந்தத் தொகைக்குள் மாட்டிக்கொண்டு கண்விழிப்பார்கள்.

கேட்ட மாத்திரத்தில் சொல்லக்கூடிய சரியான விலை என்று ஒன்று கிடையாது. வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டும். எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று கணக்குப் போட வேண்டும். அந்தத் தொகைக்குள் எதெல்லாம் அடங்கும், எதெல்லாம் அடங்காது என்று எழுத வேண்டும். தொகையும் அதனோடு போகும் வேலை விவரமும் சேர்ந்ததுதான் விலை. விவரம் இல்லாமல் தொகையை மட்டும் அனுப்பினால், அந்த விவரத்தைக் கிளையன்ட் தன் வசதிக்கேற்ப நிரப்பிக்கொள்வார். அவர்மீது தப்பில்லை, நாம்தான் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம்.

முதல் படி: உங்கள் ஒரு மணி நேரத்தின் அடக்க விலை

இதைக் கிளையன்ட் வருவதற்கு முன்பே செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் வீட்டுச் செலவுக்கு உங்களுக்கு வேண்டிய தொகையை 100 என்று வையுங்கள். சம்பள வேலையில் இருப்பவருக்கு நிறுவனம் பார்த்துக்கொள்ளும் பல செலவுகள் ஃப்ரீலான்ஸருக்குத் தன் கைக்காசு: வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வுகாலச் சேமிப்பு, கணினி, இணையம், மென்பொருள் சந்தா, விடுமுறை எடுக்கும் நாட்களுக்கான வருமானம். இவற்றுக்கு 40 சேர்த்தால் மாதம் 140 வர வேண்டும்.

இனி நேரம். நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 22 நாள் என்றால் 176 மணி நேரம். 140-ஐ 176-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.8. பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இதில்தான் சறுக்கல். அந்த 176 மணி நேரமும் பணம் தரும் நேரம் இல்லை. வேலை தேடுவது, மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது, விலைப்புள்ளி தயாரிப்பது, கணக்கு எழுதுவது, புதிதாகக் கற்பது, இரண்டு வேலைகளுக்கு நடுவே சும்மா இருப்பது என எல்லாம் அதற்குள் அடக்கம். தவிர, எடிட்டிங் உன்னிப்பு கேட்கும் வேலை. ஒரே நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் மெய்ப்புப் பார்த்தால், அதாவது பிழை தேடிப் படித்தால், கண் பிழையின் மேல் நிற்காமல் தாண்டிப் போகும். ஆகவே மாதத்துக்குக் கட்டணம் வாங்கக்கூடிய நேரம் 100 மணி என்று வைப்பதுதான் நியாயம். 140-ஐ 100-ஆல் வகுத்தால் 1.4.

0.8 வாங்கிக்கொண்டு நூறு மணி நேர வேலை செய்பவருக்கு மாதம் 80 வரும், வேண்டியது 140. எவ்வளவு உழைத்தாலும் கையில் நிற்கவில்லை என்ற புலம்பலுக்குப் பல நேரம் இந்த வகுத்தல் கணக்கே காரணம்.

உங்கள் நாணயத்தில், உங்கள் செலவில் இதே கணக்கைப் போட்டு, வரும் எண்ணைக் குறித்து வையுங்கள். இது கிளையன்டிடம் சொல்வதற்கான எண் அல்ல. இதற்குக் கீழே போனால் கைநஷ்டம் என்று உங்களுக்கு மட்டும் தெரிய வேண்டிய எண்.

இரண்டாம் படி: விலைக்கு முன் விசாரணை

விலை கேட்டு வரும் முதல் மின்னஞ்சலுக்கு விலை சொல்லாமல் பதில் எழுதலாம். அது நாகரிகக் குறைவு ஆகாது. வேலை தெரிந்தவர் என்ற நம்பிக்கையைத்தான் தரும். பதில் இப்படி இருக்கலாம்:

“வணக்கம். தொடர்புகொண்டதற்கு நன்றி. சரியான கட்டணம் சொல்லச் சில விவரங்கள் தேவை. மொத்தம் எத்தனை சொற்கள்? இப்போது எந்த நிலையில் இருக்கிறது, வேறு யாராவது ஏற்கெனவே திருத்தியிருக்கிறார்களா? யார் வாசிப்பதற்காக, எங்கே வெளியாகிறது? எந்தத் தேதிக்குள் வேண்டும்? இறுதி ஒப்புதல் தருபவர் நீங்களா, வேறு யாரையும் கேட்க வேண்டுமா? முழுக் கோப்பையும் அனுப்பினால், பார்த்துவிட்டு இரண்டு நாளில் விலைப்புள்ளி அனுப்புகிறேன்.”

இதில் ‘ஒப்புதல் தருபவர் யார்’ என்ற கேள்வியைப் புதியவர்கள் விட்டுவிடுவார்கள். ஒருவர் மட்டும் படித்துச் சரி சொல்லும் கட்டுரைக்கும், நான்கு பேர் கொண்ட குழு ஆளுக்கொரு கருத்துச் சொல்லும் கட்டுரைக்கும் வேலை ஒன்றல்ல. இரண்டாவது வகையில் எழுதும் நேரத்தைவிடத் திருத்தும் நேரம் அதிகமாகிவிடும். எழுத்து வேலையாக இருந்தால் தகவல்களை அவர்கள் தருவார்களா, நீங்கள் திரட்ட வேண்டுமா, யாரையாவது பேட்டி எடுக்க வேண்டுமா, உங்கள் பெயர் போடுவார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பதிலே வராமல் போகலாம். ஐந்து கேள்விக்குப் பதில் எழுத நேரமில்லாதவர், நடுவில் உங்களுக்கு எழும் ஐம்பது சந்தேகங்களுக்கும் பதில் தரமாட்டார்.

மூன்றாம் படி: பிரதியைத் திறந்து பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எடிட்டிங் என்று பொதுவாகச் சொல்வதற்குள் குறைந்தது நான்கு வேலைகள் இருக்கின்றன. அமைப்பைச் சீர்செய்வது: எந்த அத்தியாயம் எங்கே வர வேண்டும், எது தேவையில்லை, எங்கே வாதம் அறுந்துபோகிறது என்று பார்ப்பது. நடையைச் செம்மையாக்குவது: ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துத் தெளிவும் ஓட்டமும் வரச் செய்வது. படித்திருத்தம், அதாவது பிரதியில் உள்ள பிழைகளைத் திருத்துவது: இலக்கணம், சந்தி, ஒருமை பன்மை, ஒரே பெயரை ஒரே மாதிரி எழுதுவது, ஆண்டும் எண்ணும் முன்னுக்குப் பின் முரணாமல் இருப்பது. கடைசியாக மெய்ப்பு: பக்கம் வடிவமைத்த பிறகு எஞ்சிய தட்டச்சுப் பிழைகளைப் பிடிப்பது. “லேசாகப் பிழை மட்டும்” என்று கேட்பவர் மனத்தில் இருப்பது நான்காவது. அவர் அனுப்பும் பிரதிக்குப் பல நேரம் தேவைப்படுவது இரண்டாவது. இந்த இடைவெளியை விலை சொல்வதற்கு முன்பே அவரிடம் காட்டிவிட வேண்டும்.

எப்படிக் காட்டுவது? மாதிரி எடுத்துத் திருத்திப் பாருங்கள். 40,000 சொற்கள் கொண்ட பிரதி என்று வைத்துக்கொள்வோம். முதல் அத்தியாயத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். எழுதியவர் பத்து முறை படித்து இழைத்து வைத்திருக்கும் பகுதி அதுதான். தொடக்கத்திலிருந்து ஆயிரம் சொல், நடுவிலிருந்து ஆயிரம், கடைசி அத்தியாயத்துக்குச் சற்று முன்பிருந்து ஆயிரம் எடுத்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு திருத்துங்கள். முதல் பகுதிக்கு 35 நிமிடம், நடுப்பகுதிக்கு 55, இறுதிப் பகுதிக்கு 60 என்று வந்தால், சராசரி ஆயிரம் சொல்லுக்கு 50 நிமிடம். நாற்பதாயிரத்துக்கு 33 மணி நேரம். முழுவதையும் திருத்திய பிறகு ஒருமுறை ஓடவிட்டுப் படிக்க, மணிக்கு 4,000 சொல் என்றால் 10 மணி நேரம். எழுதியவரிடம் சந்தேகம் கேட்டு அவர் பதில்களைச் சேர்க்க 4 மணி நேரம். மொத்தம் 47. முதல் பகுதியை மட்டும் பார்த்திருந்தால் 33 மணி நேரம் 23 ஆகத் தெரிந்திருக்கும். பத்து மணி நேர உழைப்பு கணக்கிலேயே வந்திருக்காது.

மாதிரிக்குச் செலவிட்ட நேரம் வீண் போகாது. அந்த மூன்று மாதிரிகளில் ஏதாவது ஒன்றிலிருந்து இரண்டு மூன்று பத்திகளை மட்டும் திருத்தத் தடத்துடன் (எங்கே என்ன மாற்றினீர்கள் என்று தெரியும்படி) கிளையன்டுக்கு அனுப்பலாம். ‘பிழை பார்த்தல்’ என்றால் என்ன, ‘நடைச் செம்மை’ என்றால் என்ன என்பதைத் தன் வாக்கியத்திலேயே பார்க்கும்போது அவருக்கு விளக்கம் தேவைப்படாது.

தமிழ்ப் பிரதியில் இரண்டு கூடுதல் சங்கதிகள் உண்டு. ஒன்று, எழுத்துரு. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பிறகு யூனிகோடுக்கு மாற்றிய கோப்பு என்றால் ஒற்றுகள் காணாமல் போயிருக்கும், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும், ‘ஸ்ரீ’யும் ‘க்ஷ’வும் சிதைந்திருக்கும். அதைச் சரிசெய்வது எடிட்டிங் அல்ல, தனி வேலை. தனியாகவே கணக்கிடுங்கள். இன்னொன்று, சொல் எண்ணிக்கை. ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்று சேர்த்து எழுதினால் வேர்டு மென்பொருள் ஒரு சொல் என்று எண்ணும். ‘வந்து கொண்டு இருந்தவர்களிடம் இருந்து’ என்று பிரித்து எழுதினால் நான்கு. பிரிந்து கிடப்பவற்றை நீங்கள் சேர்க்கச் சேர்க்க, உங்கள் உழைப்பாலேயே எண்ணிக்கை குறையும். ஆகவே சொல்லுக்கு இவ்வளவு என்று பேசினால், எண்ணிக்கை கிளையன்ட் அனுப்பிய மூலக் கோப்பின்படி என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஆங்கிலத்தில் வழங்கும் சொல் கட்டணத்தைத் தமிழுக்கு அப்படியே பொருத்துவதும் சரிவராது. ஒரே விஷயத்தைச் சொல்லத் தமிழில் பெரும்பாலும் குறைவான சொற்களே ஆகும். விகுதியும் உருபும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் வரும் வேறுபாடு இது.

ஏஐ எழுதித் தந்த பிரதியை “லேசாகத் தட்டிச் சரிசெய்தால் போதும்” என்று அனுப்புவது இப்போது பெருகிவிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் பிழையே தெரியாது. ஆனால் அதில் வரும் ஒவ்வொரு பெயரையும் ஆண்டையும் மேற்கோளையும் சரிபார்த்தாக வேண்டும். இல்லாத நூலை இருப்பதாகச் சொல்லியிருக்கும். ஒரே கருத்து மூன்று பத்திகளில் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். இதற்கு மெய்ப்புக் கட்டணம் வாங்கினால் கட்டுப்படியாகாது. என் கருத்தில், தகவல் சரிபார்ப்பும் மறுபடி எழுதுவதும் என்று பெயரிட்டே விலை சொல்ல வேண்டும்.

எழுத்து வேலைக்கும் இதே முறைதான், மாதிரிக்குப் பதிலாக வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பொருளில் ஆயிரம் சொல் எழுதுவது ஒரு நாள் வேலையாக இருக்கலாம். அதே ஆயிரம் சொல்லுக்கு மூவரைப் பேட்டி எடுக்க வேண்டும் என்றால், நேரம் வாங்குவது, பேசுவது, ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது என்று வேலை நீளும். ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் எழுதியெடுக்க மூன்று நான்கு மணி நேரம் சாதாரணமாக ஆகும். பிறகு அவரவர் சொன்னதை அவரவரிடம் காட்டி உறுதிசெய்வது வேறு.

வந்த மணிக்கணக்கின் மேல் இன்னும் 15 முதல் 25 விழுக்காடு சேர்த்துக்கொள்ளுங்கள். சோம்பலுக்கு இடம் விடுவதற்காக இதைச் சொல்லவில்லை. தன் வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று மனிதர்கள் குறைத்தே மதிப்பிடுவதை டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-இலேயே எழுதினார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டத்துக்கான ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாளாகும் என்று மாணவர்களிடம் கேட்டபோது சராசரியாக 34 நாள் என்றார்கள். முடிக்க ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாம் தவறிப்போனாலும் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்னதே 49 நாள்தான். எழுதுவதையே வேலையாகச் செய்பவர்களும் இதற்கு விலக்கு அல்ல.

நமது நாற்பதாயிரம் சொல் பிரதிக்கு 47 மணி நேரத்தோடு 15 விழுக்காடு சேர்த்தால் 54. அதை முதல் படியில் கண்ட 1.4-ஆல் பெருக்கினால் 76. இதுதான் அந்த வேலையின் அடித்தொகை.

நான்காம் படி: சொல் கணக்கா, மணிக் கணக்கா, மொத்தமா?

புதிய கிளையன்டுக்கு மொத்தத் தொகையாகச் சொல்வதே நல்லது என்பது என் முடிவு. உள்ளே மணிக் கணக்கு, வெளியே ஒரே தொகை. மணிக் கணக்கில் பேசினால், கை தேறத் தேற வருமானம் குறையும். கிளையன்டுக்கும் கடைசியில் எவ்வளவு வருமோ என்ற கவலை இருந்துகொண்டே இருக்கும். வேலையின் எல்லை யாருக்குமே தெரியாதபோது மட்டும் மணிக் கணக்கு பொருந்தும். அப்போதும் “20 மணி நேரம் தாண்டுமானால் முன்கூட்டியே சொல்லி அனுமதி கேட்பேன்” என்று ஒரு வரம்பு போடுங்கள்.

சொல் கணக்கு, தரம் ஓரளவு ஒரே சீராக இருக்கும் வேலைக்குச் சரி. பக்கக் கணக்கில் பேசினால் பக்கம் என்றால் எத்தனை சொல் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஆங்கில எடிட்டிங் துறையில் 250 சொற்களை ஒரு பக்கமாக எண்ணுவது நீண்டநாள் வழக்கம். நெருக்கி அடித்த ஒரு ஏ4 பக்கத்தில் அதைப்போல இரண்டு மடங்கு சொற்கள் அடங்கிவிடும். மாதாந்திரத் தொகைக்கு ஒப்புக்கொள்வது இரண்டு மூன்று வேலைகள் சேர்ந்து செய்த பிறகு போதும்.

ஐந்தாம் படி: அடித்தொகையின் மேல் எவ்வளவு?

அடித்தொகையை அப்படியே சொல்லிவிடாதீர்கள். அது உங்களைக் காப்பாற்றும் தொகை, வளரவிடும் தொகை அல்ல. பொருளில் உங்களுக்குத் தேர்ச்சி இருந்தால் விலை கூடும். மருத்துவம், சட்டம், நிதி என்று பிழைக்கு இடமில்லாத எழுத்து என்றால் கூடும். இன்றைக்குக் கேட்டு நாளைக்கு வேண்டும் என்றால், அல்லது வார இறுதியைப் பலிகொடுக்க வேண்டும் என்றால், அவசரக் கட்டணமாக 25 முதல் 50 விழுக்காடு வரை சேர்ப்பது வழக்கத்தில் உள்ளது.

உரிமை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1886-இல் தொடங்கிய, பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஏற்பாடான பெர்ன் உடன்படிக்கையில் இன்று உலகின் பெரும்பாலான நாடுகள் இருக்கின்றன. அதன்படி எழுத்துக்கான பதிப்புரிமை, பதிவு எதுவும் இல்லாமலே, எழுதப்பட்டதும் உருவாகிவிடுகிறது. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கு விதி வேறாக இருக்கும். தனியாக வேலை எடுக்கும் எழுத்தாளரிடம் பொதுவாக உரிமை அவர் கையில்தான் தொடங்குகிறது. அதை முழுதாக எழுதிக் கொடுக்கிறீர்களா, ஒருமுறை வெளியிட மட்டும் அனுமதி தருகிறீர்களா என்பது விலையை மாற்றும். உங்கள் பெயர் போடாமல் இன்னொருவர் பெயரில் வரும் எழுத்து என்றால் நாளை “இது நான் எழுதியது” என்று அடுத்த கிளையன்டுக்குக் காட்ட முடியாது. அந்த இழப்புக்கும் சேர்த்துத்தான் விலை சொல்ல வேண்டும். முழு உரிமை தருவதாக இருந்தால், கடைசித் தவணை வந்து சேர்ந்த பிறகே உரிமை மாறும் என்று எழுதுங்கள். பணம் வராமல் இழுபறியானால் உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான்.

ஆறாம் படி: விலைப்புள்ளியை எழுதும் விதம்

நீளமான ஒப்பந்தம் தேவையில்லை. இருவரும் படித்து, “சம்மதம்” என்று பதில் அனுப்பிய ஒரு மின்னஞ்சலே சின்ன வேலைகளுக்குப் போதுமான சான்று. ஒரு மாதிரி:

“தங்கள் 40,000 சொல் பிரதிக்கு (12-ஆம் தேதி அனுப்பிய கோப்பின்படி) நடைச் செம்மையும் படித்திருத்தமும் செய்து தருகிறேன். மொத்தக் கட்டணம் [தொகை]. திருத்தத் தடம் தெரியும் கோப்பு ஒன்று, எல்லாம் ஏற்கப்பட்ட சுத்தமான கோப்பு ஒன்று என இரண்டும் தருவேன். தங்கள் கருத்துகளைப் பெற்று ஒருமுறை மறுதிருத்தம் இதில் அடங்கும். சுத்தக் கோப்பு கிடைத்த 15 நாளுக்குள் கருத்துகளை ஒரே தொகுப்பாக அனுப்ப வேண்டுகிறேன். புதிதாக எழுதிச் சேர்க்கும் பகுதிகள், தகவல் சரிபார்ப்பு, பக்க வடிவமைப்புக்குப் பின் மெய்ப்பு ஆகியவை இதில் அடங்கா. தேவைப்பட்டால் தனிக் கட்டணம் சொல்கிறேன். தொடங்கும்போது பாதித் தொகை, முழுப் பிரதியைத் தந்த 15 நாளுக்குள் மீதி. முன்பணம் வந்த நாளிலிருந்து ஐந்து வாரத்தில் முடிப்பேன். நடுவில் நிறுத்த நேர்ந்தால் அதுவரை முடித்த பகுதிக்கான கட்டணம் உண்டு. வங்கி, பணப்பரிமாற்றக் கட்டணங்கள் அனுப்புபவரைச் சேரும். இந்த விலைப்புள்ளி 30 நாள் செல்லும்.”

‘ஒருமுறை மறுதிருத்தம்’ என்பதை எண்ணாகவே எழுதுங்கள். “திருப்தி வரும்வரை” என்று எழுதியவருக்கு வேலை முடியவே முடியாது. ‘ஒரே தொகுப்பாக’ என்ற சொல்லும் முக்கியம். இல்லாவிட்டால் கருத்துகள் வாட்ஸ்அப்பில் மூன்று, மின்னஞ்சலில் ஐந்து, தொலைபேசியில் இரண்டு என்று வந்துகொண்டே இருக்கும். எழுத்து வேலை என்றால் எது திருத்தம், எது புதுக் கட்டுரை என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்: ஒப்புக்கொண்ட கோணத்துக்குள் மாற்றினால் திருத்தம், கோணமே மாறினால் புது வேலை.

தொகையைச் சொல்லும் வரியில் தயக்கம் தொனிக்கக் கூடாது. “கொஞ்சம் அதிகமாகத் தெரியலாம், ஆனால்...” என்று ஆரம்பித்தால் அது அதிகம் என்று நீங்களே சாட்சி சொல்கிறீர்கள். தொகையை எழுதுங்கள், முற்றுப்புள்ளி வையுங்கள், அடுத்த வரிக்குப் போங்கள்.

ஏழாம் படி: “கொஞ்சம் குறைச்சுக்கோங்க”

கேட்பது அவர் உரிமை. அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதே வேலையைக் குறைந்த தொகைக்குச் செய்து தருவதாக ஒப்புக்கொண்டால், முதலில் சொன்னது நியாயமான விலை இல்லை என்று ஆகிவிடும். தொகையைக் குறைத்தால் வேலையையும் குறையுங்கள்.

“எங்களிடம் அவ்வளவு இல்லை, பாதிதான் இருக்கிறது.”

“புரிகிறது. அந்தத் தொகைக்குள் நடைச் செம்மையை விட்டுவிட்டு, சந்தி, எழுத்துப் பிழைகளை மட்டும் பார்த்துத் தரலாம். இல்லாவிட்டால் முதல் ஐந்து அத்தியாயங்களை முழுதாகச் செய்து தருகிறேன். அதைப் பார்த்து மீதியை நீங்களே செய்துகொள்ளலாம். எது உங்களுக்கு வசதி?”

இப்படிக் கேட்டால் பேச்சு உங்கள் மதிப்பைவிட்டு வேலையின் அளவுக்கு நகர்ந்துவிடும். கெடுவைத் தளர்த்துவதும், முழுத் தொகையையும் முன்கூட்டியே தருவதும்கூடக் குறைப்புக்கு ஈடாகக் கேட்கத் தக்கவை.

“இதை முடித்துக் கொடுங்கள், அடுத்தடுத்து நிறைய வேலை வரும்” என்பார்கள். சிலர் மனதாரவே சொல்வார்கள். அதற்குப் பதில்: “மகிழ்ச்சி. ஐந்து கட்டுரைகளுக்குச் சேர்த்து இப்போதே உறுதி தந்தால், ஐந்தாவது கட்டுரைக்கான கட்டணத்தில் சலுகை தருகிறேன்.” சலுகை எப்போதும் கடைசியில் வர வேண்டும், முதலில் அல்ல.

இலவசமாக ஒரு முழுக் கட்டுரையை மாதிரியாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஏற்கெனவே எழுதியவற்றைக் காட்டலாம், ஒரு பக்கத்தை எடிட் செய்து காட்டலாம். முழுக் கட்டுரை வேண்டுமென்றால் அதற்கும் கட்டணம் உண்டு, பிடிக்காவிட்டால் வெளியிட வேண்டியதில்லை என்று சொல்லுங்கள்.

அவர்களுடைய பட்ஜெட்டை முதலில் கேட்கலாமா? கேட்கலாம், நீங்கள் கணக்குப் போட்ட பிறகு. முதலில் காதில் விழும் எண் அதற்குப் பிறகான மதிப்பீடுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்று கானமனும் ட்வெர்ஸ்கியும் 1974-இல் காட்டினார்கள். உங்கள் எண் கையில் இல்லாதபோது அவர்கள் எண்ணைக் கேட்டால், அதைச் சுற்றியே உங்கள் மனமும் கணக்குப் போடும்.

எட்டாம் படி: பணம் கைக்கு வருவது

முன்பணம் வராமல் தொடங்காதீர்கள். முன்பின் தெரியாதவரிடம் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கேட்பது சாதாரணம். மிகச் சின்ன வேலை என்றால் முழுவதையும் முதலிலேயே வாங்கலாம். பெரிய வேலையைத் தவணைகளாகப் பிரித்து, ஒவ்வொரு தவணையையும் நீங்கள் ஒப்படைக்கும் பகுதியோடு கட்டுங்கள். “புத்தகம் வெளியானதும்”, “கட்டுரை பிரசுரமானதும்” என்ற நிபந்தனைக்கு உடன்படாதீர்கள். வெளியிடுவது அவர்கள் கையில் இருக்கிறது, உங்கள் வேலை ஒப்படைத்த அன்றே முடிந்துவிட்டது.

இன்வாய்ஸில் “30 நாளுக்குள்” என்று மட்டும் போடாமல் கெடு தேதியையே எழுதுங்கள். தேதி கடந்தால் மறுநாளே இரண்டு வரியில் நினைவூட்டலாம்: “இன்வாய்ஸ் எண் இன்னது, நேற்று கெடு முடிந்தது. எப்போது எதிர்பார்க்கலாம் என்று தெரிவியுங்கள்.” மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம்.

வேலை நடக்கும்போதும் முடிந்த பிறகும்

நடுவில் வேலை வளரும். “முன்னுரை ஒன்று எழுதித் தந்துவிடுங்களேன்”, “பின்னட்டைக்கு நாலு வரி” என்று வரும்போது, செய்து முடித்த பிறகு கட்டணம் கேட்டால் சண்டையாகும். கேட்ட அன்றே சொல்லிவிடுங்கள்: “எழுதித் தருகிறேன். இது விலைப்புள்ளியில் இல்லாதது, கூடுதலாக இவ்வளவு ஆகும். தொடங்கட்டுமா?” நாலு வரியை அன்புக்காக இலவசமாகத் தருவதாக இருந்தாலும் இன்வாய்ஸில் அதைத் தனி வரியாகப் போட்டு, தொகையைக் காட்டி, கழித்துவிடுங்கள். தந்தது இலவசம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேலை நடக்கும்போது ஒவ்வொரு நாளும் செலவான நேரத்தை ஒரு தாளில் குறித்து வாருங்கள். தேதி, எந்த வேலை, எத்தனை நிமிடம், எத்தனை சொல். முடிந்ததும் நீங்கள் போட்ட 54 மணி நேரத்துக்குப் பக்கத்தில் உண்மையில் ஆன நேரத்தை எழுதுங்கள். 70 ஆகியிருந்தால் எங்கே போனது என்று தாளிலேயே தெரியும்: மேற்கோள்களைத் தேடியதிலா, பதிலுக்குக் காத்திருந்து மறுபடி முதலிலிருந்து படித்ததிலா, மறுதிருத்தத்திலா? இப்படிச் சில வேலைகளின் தாள் சேர்ந்துவிட்டால், அடுத்த பிரதியைத் திறந்து பார்த்ததும் அது எந்த வகை, ஆயிரம் சொல்லுக்கு எத்தனை நிமிடம் என்று உங்கள் சொந்தக் கணக்கிலிருந்தே சொல்ல முடியும். ஊரில் மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று தேடித் திரிவதைவிட இது உதவும்.

அதே கிளையன்ட் மறுபடி வரும்போது பழைய தொகையையே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உயர்த்துவதாக இருந்தால், அவர் புது வேலையை அனுப்பிய பிறகு சொல்லாமல் முன்கூட்டியே சொல்வது மரியாதை. இவ்வளவு எழுதினால் போதும்: “வரும் மாதம் முதல் தேதியிலிருந்து என் கட்டணம் ஆயிரம் சொல்லுக்கு இவ்வளவாக மாறுகிறது. அதற்கு முன் உறுதிசெய்யும் வேலைகளைப் பழைய கட்டணத்திலேயே முடித்துத் தருகிறேன்.”